வலிக்கவில்லை என்கிறாள்

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

கப்பலில் சுகம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஞாயிறன்று போனில் பேசியபோது மகள் பக்கத்திலேயே இருந்ததால் இதைச் சொல்ல முடியவில்லை. எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் கம்பெனி ஆபீஸில் அன்றைக்கே கப்பலுக்கு அனுப்பிவிடுவார்களாம். நடுவில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

அவளுக்கு லேசர் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கத்தியே வைக்கவில்லை. சிறுநீர் வரும் வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுநீரகக் கல்லைப் பொடியாக்கிவிட்டார்கள். பட்டாணி அளவு இருந்ததாம். ஒவ்வொரு முறையும் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கிறேன், மணல் மாதிரி வருகிறது. உள்ளே வைத்திருக்கும் சின்னக் குழாயை இரண்டு வாரத்தில் எடுப்பார்கள்.

வார்டில் அவளுக்குத் துணையாக ஒருவர்தான் இருக்கலாம். ஐந்து நாளாக எனக்கு இந்த பிளாஸ்டிக் நாற்காலிதான். ஜன்னல் திறக்காது. உங்களுக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், அதற்காகச் சொல்லவில்லை.

மூன்று மாதமாக வயிறு வலிக்கிறது என்று அழுதாளே, பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில் கன்னத்தில் அறைந்துவிட்டேன். இனிமேல் வலி கிலி என்று வாயைத் திறந்தால் பார் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. சிறுநீரில் ரத்தத்தைப் பார்த்துத்தான் இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

இப்போது டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு இல்லை என்கிறாள். போர்வைக்குள் கையை விட்டால் விரல்கள் இறுகிக் கிடக்கின்றன. கல் துண்டு ஏதாவது அடைத்துக்கொண்டால் வலிதான் முதலில் காட்டிக்கொடுக்கும், மறைக்க விடாதீர்கள் என்கிறார் டாக்டர். மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன். நிஜமாவே வலிக்கலைம்மா என்று என்னையே சமாதானப்படுத்துகிறாள். நான் வெளியே போனால் அழுகிறாள். உள்ளே இருந்தால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். கேப்டன் கையைக் காலைப் பிடித்தாவது ஒரு தடவை கூப்பிடுங்கள். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கதவுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். எங்கே வலிக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் நல்லபடியாக வந்து சேரவேண்டும்.

உங்கள் மனைவி