ஒரு காதைத் திறந்து வைத்து நீ வாசித்த பாட்டு

மச்சான், அந்தக் கறுப்பு ஹெட்போனை இன்றைக்குத்தான் முதன்முதலாக என் காதில் மாட்டினேன். காது மெத்தை உரிந்துவிட்டது. நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் மட்டும் இன்னும் லேசாக ஒட்டிக்கிடக்கிறது. டோலக் வாசிக்கும்போது கையில் ஒயர் மாட்டுகிறதென்று நீ சொன்னதால், ஒயர் இல்லாததாகத் தேடி உனக்காகவே வாங்கியது அது.

காலையில் என் மகள் கிறிஸ்து பிறப்புக்கான நத்தார் பாட்டுப் பாட, என் ரெக்கார்டிங் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வரிகூடப் போகவில்லை, ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"இதப் போட்டுக்கிட்டு எப்படிப்பா பாடுறது? நான் பாடி முடிச்ச பொறகுதான் என் குரலே வருது."

நான் மாட்டிக்கொண்டு ஒரு கைதட்டு தட்டினேன். கை பிரிந்த பிறகு, சாவகாசமாக அந்தச் சத்தம் காதுக்கு வந்தது. பழைய ஒயர் ஹெட்போனைச் செருகித் தட்டினேன். தட்டும் சத்தமும் ஒன்றாக வந்தன. அட பாவி! கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் இல்லாமல் சத்தம் வந்து சேரப் பிந்துகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதே பாட்டுக்குத்தான் நீ அந்த ஞாயிற்றுக்கிழமை நமுனுகுல பஸ்ஸில், சாக்கில் சுற்றிய டோலக்கோடு பதுளைக்கு வந்தாய். வாரம் முழுக்கத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நின்ற களைப்பு உன் முகத்தில் இல்லை. இந்தக் கறுப்பு ஹெட்போனில் பாட்டைக் கேட்டபடி நீ வாசிக்க, பதிவானதை நான் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு அடியும் பாட்டுக்குப் பின்னால் விழுந்தது.

"நான் ஒண்ணு அடிச்சா ரெண்டு கேக்குதுடா மச்சான்" என்றாய்.

"மெஷின் பொய் சொல்லுமா? ஒனக்குத்தான் கை பிந்துது. வயசாயிருச்சுடா."

ஏழெட்டுத் தடவை வாசிக்க வைத்தேன். கடைசித் தடவை, உன் டோலக்கை நேராகக் கேட்க வேண்டுமென்று ஒரு காதைத் திறந்து வைத்தாய். அதற்கும் சத்தம் போட்டேன். உன் காதில் என்னதான் கேட்கிறதென்று ஒரே ஒரு தடவை வாங்கி மாட்டிப் பார்த்திருக்கலாம். எனக்கு எல்லாம் தெரியுமென்ற திமிர், மச்சான். வேறென்ன சொல்ல.

கம்ப்யூட்டரில் இருந்த தாளத்தைப் போட்டே பாட்டை முடித்தேன். கோயிலில் பாடுகிறவர்கள் உன்னை எங்கே என்று கேட்டபோது, "அவனுக்குக் கை போயிருச்சு" என்றேன். அது உன் காதுக்கும் வந்திருக்கிறது. அந்த நத்தாருக்கு நீ டோலக்கைத் தொடவில்லை. அடுத்த வருடம் யாருக்கோ கொடுத்துவிட்டாய். நானும் ஏனென்று கேட்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மனைவி சொன்னார்: "கை நடுங்குதான்னு விரிச்சு விரிச்சுப் பாப்பாருண்ணே. ஒண்ணுமில்லங்கன்னு சொன்னாலும் நம்ப மாட்டாரு." அன்றைக்கு நான் ஆறுதல்தான் சொன்னேன். உனக்குக் கை போய்விட்டதென்று கிளப்பிவிட்டது நான்தான் என்று சொல்லவில்லை.

இன்றைக்கு உன் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். என் கைதட்டு எவ்வளவு பிந்தியதோ, அவ்வளவு தூரம் உன் டோலக்கை அப்படியே முன்னால் நகர்த்தினேன். கடைசியாக, ஒரு காதைத் திறந்து வைத்து வாசித்தாயே, அதைத்தான். பாட்டோடு போய் உட்கார்ந்துகொண்டது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஓர் இடத்தில்கூட நீ பிசகவில்லை. மகள் அதற்கே பாடுகிறேன் என்கிறாள். வருகிற ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு உன் மனைவியிடம் போகிறேன். எந்த முகத்தோடு போவேனோ தெரியவில்லை, ஆனால் போவேன்.

இப்போதெல்லாம் என்று சொல்ல முடியாது, இன்றிலிருந்துதான்: யார் வந்து உட்கார்ந்தாலும் ஹெட்போனை முதலில் என் காதில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அந்தப் பதிவின் கடைசியில் உன் குரல் இருக்கிறது. "இப்ப சரியாடா?" என்று கேட்கிறாய். அதற்குப் பிறகு என் குரல்: "போதும், வச்சுட்டு எந்திரி."

சரியா இருந்திச்சுடா மச்சான். மொத அடியிலருந்தே சரியா இருந்திச்சு.