நீ அளந்ததும் நான் அழித்ததும்

என் செல்லக் கோகிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத நான் உட்கார்வது இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் பழக்கத்தில் "நலமா?" என்று கை எழுதிவிடும். அப்புறம் அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை.

நான் சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் நான் அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையே. நாலு பேர் நடுவில்தான் உன் பெயர் கெட்டது. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை, பொறுத்துக்கொள். நீ பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற வீட்டுப் பெண். நான் மூணாறு பக்கம் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள், கொழுந்து கிள்ளுகிறவளின் மகள். பொன்னானியில் ஆறு கடலில் சேர்கிற கழிமுகத்தில், இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டுதான் நாம் முதன்முதலில் பேசினோம். கல்லும்மக்காயை அங்கே வளர்க்க முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. எனக்கு இரண்டு வருஷம் அனுபவம் கூடுதல் என்பதால் பொறுப்பு என்னுடையது. நீ என்னை முதல் நாளே "ராணிக்கா" என்றாய்.

எவ்வளவு சிரித்திருக்கிறோம்! நான் "வாரேன், பாக்கேன்" என்றால் நீ அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவாய். நீ வீட்டை "ஊடு" என்றால் நான் எந்த ஊடு என்று கேட்பேன். இரண்டும் தமிழ்தானா என்று படகுக்காரருக்குக் கடைசிவரை சந்தேகம். உங்கள் ஊரைக் கடந்து வருகிற ஆறுதான் கடைசியில் நம் படகுக்கு அடியில் வந்து சேர்கிறது என்பதில் உனக்குப் பெருமை தாங்காது. "எங்க தோட்டத்துத் தண்ணிங்க்கா இது, மரியாதையா அள்ளுங்க" என்று போத்தலை நீட்டுவாய்.

கல்லும்மக்காய் என்பது பாறையில் ஒட்டி வளர்கிற பச்சைச் சிப்பி. அதன் குஞ்சுகளைக் கயிற்றில் வைத்துத் துணியைச் சுற்றி, மூங்கில் பந்தலிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டால், நாலைந்து மாதத்தில் கயிறே தெரியாத அளவுக்குக் கொத்துக்கொத்தாகப் பெருத்துவிடும். அதற்கு வேண்டியது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு ஒருநாள், இரண்டுநாள் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் முடியாது, செத்துப்போகும்.

அந்தக் கரையில் பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவி சபியா அக்கா. பாலக்காடு டவுனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவர். மற்றவர்களிடம் மலையாளம், நம்மிடம் தமிழ். வீட்டுக்குப் பின்னாலேயே ஒதுங்கிக் கிடக்கிற ஓடையில் பந்தல் போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அடுப்பில் ஒரு கண்ணும் கயிற்றில் ஒரு கண்ணுமாக இருக்கலாம் அல்லவா? அந்த ஓடை சரிப்படுமா என்று சொல்ல வேண்டியது நம் வேலை.

ஒரு வருஷம் முழுக்க அளந்தோம். மார்ச் மாதத்தில் நான் நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குப் படிக்கப் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்துக் கிழக்கே கோடைமழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் போகிறது என்று உன் அண்ணன் போன் செய்ததும் நீ படகெடுத்துக்கொண்டு போனாய். ஐந்து நாள், காலையும் மாலையும் தனியாகப் போய் அளந்தாய். ஓடையில் உப்பு ஒரேயடியாக இறங்கி, அந்த ஐந்து நாளும் ஏறவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது அறிக்கை கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அட்டவணையில் உன் ஐந்து நாள் அளவுகளின் ஐந்து வரிகளும் என் வரைபடத்தின் நடுவில் குழி விழுந்த மாதிரி நின்றன. நாம் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"உப்பு மீட்டர் கெட்டுப்போயிருக்கும் கோகி."

"இல்லீங்க்கா. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவி, சீரோ பாத்துத்தான் எடுத்தனுங்க்கா."

"ஒரு வருஷத்துல அஞ்சே நாளு. அதுக்காக ஓடையே ஆகாதுன்னு எழுதச் சொல்லுதியா?"

"ஆகாதுன்னு எழுத வேண்டாங்க்கா. மார்ச்சுக்குள்ள சிப்பிய அறுத்துரோணும், இல்லீன்னா கழிமுகத்துப் பக்கம் பந்தலை மாத்திப் போடோணும்னு எழுதுங்க. அஞ்சு நாள் போதுங்க்கா, எல்லாஞ் செத்துரும்."

பார்க்கலாம் என்றேன். நீ டீ வாங்கப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் அந்த ஐந்து வரிகளையும் அழித்துவிட்டேன். 'கருவிப் பிழை' என்று அடியில் ஒரு குறிப்புகூடப் போடவில்லை. 'மே மாதம் வரை ஓடை உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடம் சரியில்லை என்று எழுதினால் ஆராய்ச்சி இன்னொரு வருஷம் இழுக்கும், நேர்காணலில் காட்ட என் கையில் ஒன்றும் இருக்காது. லயத்து வீட்டிலிருந்து வந்தவளுக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்று எனக்கு நானே அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நிமிஷம் நான் அம்மாவை நினைக்கவில்லை கோகி. வரைபடம் அழகாக வந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

நவம்பரில் கயிறு கட்டினார்கள். கட்டச் சொல்லிக் கொடுக்க உன்னைத்தான் அனுப்பினேன். துணி சுற்றுவது எப்படி, முடிச்சுப் போடுவது எப்படி என்று பதினொரு பேரோடும் தரையில் உட்கார்ந்து காட்டினாய். மார்ச்சுக்குள்ளேயே அறுத்துவிடுங்கள் என்று நீ அவர்களிடம் சொல்லியும் இருக்கிறாய். அவர்கள் கையில் என் அறிக்கை இருந்தது. அதில் மே என்று அச்சில் இருந்தது. அச்சில் இருப்பதை நம்புவார்களா, நீ வாயால் சொல்வதை நம்புவார்களா?

ஏப்ரலில் மழை வந்தது. ஏழாவது நாள் நாம் போனபோது ஓடை முழுக்க நாற்றம். கயிற்றைத் தூக்கினால் வாய்பிளந்த ஓடுகள் கொட்டின. சபியா அக்கா பந்தலின் மேல் நின்றுகொண்டு அரிவாளால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தவள் நீ என்பதால், உன்னைப் பார்த்ததும் அவர் கத்தினார்; அதை நான் கரையில் நின்று கேட்டேன். நீ தண்ணீரில் இறங்கி நின்று கேட்டாய்.

அப்புறம் அந்தக் கூட்டம். அறிக்கையில் அளவெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, அந்தப் பெண்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மேலதிகாரி கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாய். நான் வாயைத் திறந்தேன். "அங்க பயிற்சி முழுக்கக் கோகிலாதான் சார் பாத்தது" என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. நீ குனிந்து உன் கையைப் பார்த்துக்கொண்டாய். சிப்பி ஓடு கிழித்த காயம் ஆறாமல் இருந்தது. ஏன் கோகி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை? எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மேலிருந்த அன்பா? அல்லது என்னிடம் பேசி இனி ஆவதில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டாயா?

உனக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. எனக்கு நிரந்தரம் ஆயிற்று. நீ ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாய். ஆறு வருஷத்தில் நான் உன்னைக் கூப்பிட்டது இரண்டு தடவை. இரண்டு தடவையும் நீ முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களாக்கா?"

நீ போன செய்தி வந்தபோது நான் விடுப்பில் சூரியநெல்லியில் இருந்தேன். வயலில் இறங்கினவளுக்கு எலிக்காய்ச்சல், ஆறே நாள் என்றார்கள். மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள் என்றதால் உடனே கிளம்பினேன். மூணாறு, மறையூர், உடுமலை என்று பஸ் மாறி மாறிப் பொள்ளாச்சிக்கு வந்து இறங்கினேன். சித்தூர் பஸ் எதிரிலேயே நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறினால் இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் முகம். உன் அம்மா. நான் ஏறவில்லை. அந்த பஸ் போனது, அடுத்ததும் போனது. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அம்மா வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, "ஒரு சாவுக்குப் போயிட்டுப் பாதி வழியில திரும்புனவள நான் இப்பத்தான் பாக்கேன். அந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்ச?" என்றாள். கோகி, இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். எல்லாவற்றையும் சொன்னேன். "போ, அவ ஆத்தாகிட்டப் போயிச் சொல்லு" என்றாள். அதற்கும் எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

உன் அம்மா என்னைப் பார்த்ததும், "வாங்கம்மணி, ராணிங்கறது நீங்கதானுங்களா? உங்களப் பத்தி அவ ஒரு கொறை சொன்னதில்லீங்க" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். ஐந்து வரி, அறிக்கை, கூட்டம், பொள்ளாச்சி, ஒன்று விடாமல். அவர் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தென்னைக்குப் பாய்கிற தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"இத எங்ககிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? நாங்க அவளச் சந்தேகப்பட்டமா? எங்க வெச்சு அவ பேரக் கெடுத்தீங்களோ, அங்க போயிச் சொல்லுங்க."

அப்புறம் இலை போட்டார். "சாப்புட்டுட்டுப் போங்க, பசியோட அனுப்பினா அவளுக்குப் புடிக்காது." அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று கேட்காதே.

அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் ஐந்து நாள் அளவுகள் மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தன, நீ அனுப்பிய அன்றைய தேதியோடு. விசாரணை நடக்கிறது. இப்போதைக்கு என்னிடமிருந்த ஆராய்ச்சிப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். என்ன முடிவு வந்தாலும் நான் எதிர்க்கப் போவதில்லை.

அதற்கப்புறம் சபியா அக்காவைப் பார்க்கப் போனேன். இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீ இறந்ததுகூட அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் படகின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொல்லி முடித்ததும் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளைய நான் என்னென்ன ஏசினேன் தெரியுமா? அதுக்கப்புறமும் ரெண்டு வாட்டி வந்தா அவ. பந்தலை கழிமுகத்துப் பக்கம் மாத்திப் போடலாம், நான் கூட நிக்கறேன்னு சொன்னா. இனி இந்தக் கரையில கால் வெக்காதேன்னு சொன்னது நானாக்கும். தலையக் குனிஞ்சு நடந்து போனா."

நீ திரும்ப அங்கே போயிருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், கோகி. வேலையும் போன பிறகு, அவ்வளவு தூரம் பஸ் ஏறி, திட்டு வாங்கிக்கொள்ள இரண்டு தடவை.

சபியா அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ சொல்லிட்டே. உன் பாரம் இறங்கிச்சு. இப்ப நான் யார்கிட்டப் போயி மாப்பு கேக்கறது?"

உனக்கு மட்டும்தான் துரோகம் செய்தேன் என்று ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனசுள்ள பதினொரு பேரை உன்மேல் கல்லெறிய வைத்தவளும் நான்தான். அந்தப் பாவத்துக்கு அவர்கள் இப்போது அழுகிறார்கள்.

உன் அம்மாவைப் பார்க்கச் சித்தூருக்கு வருகிறோம் என்றார்கள். நான் உன் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "அவங்க எதுக்குங்க வரோணும்? நான் வர்றனுங்க. அவ வேல செஞ்ச எடத்த நான் ஒருநாகூடப் பாத்ததில்லீங்க" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஓடைக்கரையில் உன் அம்மாவும் அந்தப் பதினொரு பேரும் இருக்கும்போது, தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் சொல்வேன்: கோகிலா சரியாக அளந்தாள், சரியாகச் சொன்னாள், அழித்தது நான். 'ஆனால்' என்று ஒரு சொல் அதோடு சேர்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மன்னிப்பு ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ "விடுங்க்கா" என்று உடனே கொடுத்துவிடுவாய். அதை வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் கை நீளவில்லை.

நீ வாய் நிறையக் கூப்பிட்டும் அக்காவாக நடந்துகொள்ளாத உன் அக்கா,
ராணி