நீல மையில் இருந்த இரண்டு வரி

அம்மு,

இன்று காலை உன் பேனாப் பெட்டியைத் திறந்தேன். நீலப் பேனா தீர்ந்துபோயிருக்கிறது. கறுப்பில் பாதி மை அப்படியே இருக்கிறது. நேற்று நஸ்ரின் வந்து சொன்ன பிறகுதான் இதைத் திறக்கத் தோன்றியது.

போன மாதம் உன் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போட்டேன். கீழே என்ன வரி வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரும் போடுகிற கவிதை வேண்டாம், உன் எழுத்தே இருக்கட்டும் என்று உன் நோட்டைப் புரட்டினேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரி தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“நான் போனப்புறம் யாரும் என்னைத் தேட வேணாம். இடம் சுத்தமா இருந்தாப் போதும்.”

ஐந்தே நாள் காய்ச்சலில் போனவள் நீ. உனக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததா? இதுதான் என் பிள்ளையின் கடைசி ஆசை என்று நம்பினேன். அதையே பேப்பருக்குக் கொடுத்தேன். அந்த வாரமே உன் சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் படத்தையும் அலமாரிக்குள் வைத்துவிட்டேன். தேட வேண்டாம் என்றவள் ஆயிற்றே.

நேற்று நஸ்ரின் அந்தப் பேப்பரோடு வந்தாள். உன்னோடு படித்தவள், பொய் சொல்ல மாட்டாள். உன் நோட்டைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இது அம்மு சொன்னது இல்ல.”

“அவ கையெழுத்துதானேம்மா?”

“கையெழுத்து அவளோடது. வார்த்தை வேற யாரோடதோ. நீல மைல இருக்கு பாருங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம், புத்தக வரியை உன்னுடையதாக எழுதினாய் என்று உனக்கு முட்டை மார்க் போட்ட அன்று, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். “திருடணும்னு பண்ணலம்மா. நோட்டுல எது புக்கோடது, எது என்னோடதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு.” மறுநாளே இரண்டு பேனா வாங்கி வந்தாய். அடுத்தவர் சொன்னது நீலம், ஓரத்தில் யார், எங்கே, எப்போது என்று இருக்கும். அதற்குக் கீழே நீ நினைப்பது கறுப்பு.

“காப்பியடிக்க இவ்வளவு செலவா?” என்று கேட்டேன்.

“சும்மா இரும்மா. காப்பியடிக்காம இருக்கத்தான் லா,” என்றாய், எப்போதும்போல இந்த ஊர் ‘லா’வைச் சேர்த்து.

சிரித்தேனே தவிர, நீ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நீ எதற்குப் பயந்தாயோ அதையே உன் படத்துக்குக் கீழே அச்சடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டேன்.

“யாரு சொன்னதுன்னு போட்டிருக்காளா?” என்று கேட்டேன்.

நஸ்ரின் ஓரத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்தாள். நோட்டை என் பக்கம் திருப்பித் தமிழில் சொன்னாள்.

“நீங்கதான் ஆன்ட்டி. ‘என் அம்மா. ஆபீஸ் துப்புரவு வேலை. எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் மீன் கழுவும்போது சொன்னது.’ தேதியும் இருக்கு.”

மீன் ஞாபகம் இருக்கிறது. கையெல்லாம் செதில். நீ குழாய் பக்கத்தில் நின்று, “அந்த ஆபீஸ்ல யாருக்காச்சும் உன் பேர் தெரியுமாம்மா?” என்று கேட்டாய். எதையோ சொன்னேன். இதையா சொன்னேன்? துடைத்துவிட்டு, ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் கிளம்பிவிடுகிற என் வேலையைப் பற்றிச் சொன்ன பேச்சு அது. அதை உன் சாவுக்கு நீ எழுதியதாக நினைத்து ஒரு மாதம் உன்னைத் தேடாமல் இருந்தேனே.

படத்தை மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன். பேப்பருக்கும் சொல்ல வேண்டும். நஸ்ரின் எழுதித் தருகிறேன் என்றாள்.

நோட்டை என் மடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நீல வரிக்குக் கீழேயும் கறுப்பில் ஏதாவது எழுதியிருக்கிறாய். நான் சொன்னதற்குக் கீழே மட்டும் மூன்று வரி இடம் விட்டு, எழுதாமல் போயிருக்கிறாய்.

அங்கே என்ன எழுத நினைத்தாய், அம்மு?