முதலாம் வகுப்புக்கு வந்த துடக்கு

சிவமயம்

வட்டுக்கோட்டை,
பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

நானும் அப்பாவும் மாடும் இங்கே சுகம், நாங்கள் இருவரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மாடு திறந்துகொண்டு. நீயும் மருமகனும் பேத்தி ஆரணியும் அந்தக் குளிரில் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம், அதையும் இப்போது கோயில் வெளிவீதியில் நின்றுதான் செய்கிறோம், உள்ளே ஆட்களைக் கணக்குப் பார்த்து விடுகிறார்கள், அவருக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். வைபரில் கதைக்கிறோமே, பிறகேன் கடிதம் என்று யோசிப்பாய். என் கைபேசி போன வருடம் தொடக்கம் பாடசாலைக்குப் பொதுவாகிவிட்டது, காலையில் நான் பாடம் அனுப்ப, பின்னேரம் வரைக்கும் பிள்ளைகள் கொப்பியைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள், பாதிப் படங்களில் கொப்பியைவிடக் கால் விரல்தான் தெளிவாகத் தெரிகிறது, அதற்கும் சரி போட்டு அனுப்புகிறேன். நீ எடுக்கும் நேரத்தில் அப்பா கைபேசியைப் பறித்து நோர்வேயில் மழையா என்று கேட்கிறார், நீயும் ஒவ்வொரு முறையும் ஓம் என்கிறாய், அத்தோடு சிக்னல் போய்விடுகிறது. ஆகவே பாடசாலை தொடங்கிய கதையை முழுதாக எழுதிவிடுகிறேன். தபாற்கந்தோரில் நோர்வேக்குக் கடிதம் போகுமா என்று கேட்டேன், போகும், எப்போது என்று மட்டும் கேட்கவேண்டாம் என்றார்கள்.

நான் பதில் அதிபராக இருக்கும் எங்கள் ஆரம்பப் பாடசாலையை நீ மறந்திருக்கமாட்டாய். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தற்காலிகக் கொட்டகை என்று போட்ட தகரக் கூரையின் கீழே இன்னமும் தற்காலிகமாக இருக்கிறோம். போன வருடம் முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் சேரவில்லை. ஊரில் பிள்ளைகள் இல்லாமலில்லை, விடிந்ததும் பாடசாலை வான் வண்டியில் நெருக்கியடித்துப் பட்டணத்துப் பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள், எங்கள் ஆசிரியைகளின் பிள்ளைகளும் அதே வானில்தான், வேலைக்கு வரும் தாயும் படிக்கப் போகும் பிள்ளையும் எங்கள் வாசல் படலையடியில் ஒருவருக்கொருவர் கை காட்டுவார்கள். இந்த வருடமும் முதலாம் வகுப்பு இல்லையென்றால் பாடசாலையை வேறொன்றோடு இணைத்துவிடுவோம் என்று கல்வி அதிகாரி கார்த்திகையில் வந்து சொல்லிப் போனார். இணைப்பதென்றால் கதிரை மேசையை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போவது. மீதிப் பிள்ளைகள் தோட்டக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வானில் ஏற வழியில்லாதவர்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன், “அதைப் பிறகு பாப்பம் அதிபர்” என்றார். பிறகு பார்ப்போம் என்று அவர்கள் சொன்ன விஷயங்களை வைத்துத்தான் எங்கள் பாடசாலையே நிற்கிறது, கூரை உட்பட.

மார்கழியில் ஒரேயொரு விண்ணப்பம் வந்தது. உன்னோடு படித்த பிரவீணனின் மகள் தர்மிகா. பிரவீணனை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் குடையை வேலிக் கதியாலில் மாட்டிவிட்டு நான் இல்லை என்று சாதித்தவன், இப்போது பொறுப்பானவன், தகப்பன் கந்தப்பு அண்ணையோடு வெங்காயம் செய்கிறான், வெங்காயம் விலைப்படாத நாட்களில் மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஐஸ் லொறி ஓட்டுகிறான். லொறி ஓடுவது கந்தப்பு அண்ணைக்குப் பிடிக்காது, மீன்பிடிக்கிற சனத்தோடு புழங்குவது சாதிக்குக் குறைச்சல் என்பது அவர் எண்ணம். கடற்கரைப் பக்கம் போய் வருகிறவன் என்று யாரும் சொன்னால் லொறிதான் போகிறது, மகன் போகவில்லை என்பதுபோல் பதில் சொல்வார். அவர்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் எங்கள் பாடசாலை மணி தெரியும், அதனால்தான் பிள்ளையை இங்கே விடுகிறேன் என்று பிரவீணன் சொன்னான். கல்வித் தரம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

விண்ணப்பம் தந்த கிழமையே துறைமுகத்தில் ஒருவருக்குக் கொரோனா வருத்தம் என்று வந்துவிட்டது. அந்த மனிதர் பிரவீணனின் லொறியில் ஐஸ் இறக்கியவராம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊரில் எல்லோரும் பீ.எச்.ஐ. என்று சொல்லும் மரியரட்ணம், வந்து பிரவீணன் வீட்டு மதிலில் தனிமைப்படுத்தப்பட்டுள்ளது என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். பதினான்கு நாள். பாடசாலை திறக்க முதல் முடிந்துவிடும் என்பதால் நான் பதறவில்லை. அவர்களுக்கு மரக்கறியும் பாணும் மதிலுக்கு மேலால் போய்ச் சேர்ந்தன, ஊர் நல்ல ஊர், கொடுத்துவிட்டு ஓடினார்களே தவிரக் கொடுக்காமல் விடவில்லை. சோதனை முடிவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது, மரியரட்ணம் தாளைக் கிழித்தெடுத்தார், நான் முதலாம் வகுப்புக்கு ஒரு கதிரையைத் துடைத்து வைத்தேன்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. தாள் போனதே தவிர வீட்டுக்குள் ஒருவரும் போகவில்லை, அவர்களும் வெளியே வரவில்லை. கிணற்றடியில் விசாரித்தபோதுதான் விளங்கியது, எங்கள் சனம் தனிமைப்படுத்தலைத் துடக்காக, தீட்டாக, எடுத்துக்கொண்டுவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர்களில் பிழை சொல்லவும் முடியாது, செத்த வீட்டுத் துடக்கிலும் இதேதான், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது, கோயிலுக்கு வரக்கூடாது, நன்மை தின்மைக்குச் சொல்லக்கூடாது, நாள் கணக்குக்கு அடங்கியிருக்கவேண்டும். சுகாதார அமைச்சு வருடக்கணக்காக விளங்கப்படுத்த வேண்டியதை எங்கள் சனம் ஒரு நாளில் விளங்கிக்கொண்டதற்கு இதுதான் காரணம். பிரச்சினை என்னவென்றால் பீ.எச்.ஐ.யின் கணக்குப் பதினான்கில் முடிகிறது, எங்கள் துடக்கு முப்பத்தொன்றில் ஐயர் வந்து கழித்தால்தான் முடியும். முப்பத்தொன்று வரை தர்மிகா குத்துவிளக்கும் சரஸ்வதி படமும் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது, வந்தால் தாங்கள் மற்றப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று இரண்டு தாய்மார் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அதிகாரி முதல்நாளே வந்து முதலாம் வகுப்பைப் பார்க்கப்போகிறார். துடக்குக் கழியும்வரை பொறுங்கள் என்று நான் அவருக்கு எப்படி எழுதுவது, அதற்கென்று படிவமும் இல்லை.

மரியரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், துடக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவில் நின்றார். கந்தப்பு அண்ணை முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நாங்கள் படலைக்கு வெளியே, நடுவில் அவருடைய நாய். மரியரட்ணம், “ஐயா, உங்கடை காலம் முடிஞ்சுது, இனிப் பயமில்லை” என்று தொடங்கினார், ஒரு வயது போன மனிதரிடம் சொல்லக்கூடிய வசனம் அல்ல. கந்தப்பு அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்து, “தம்பி, நீர் கழிச்சது உம்மடை துடக்கு. எங்கடையை ஐயர்தான் கழிக்கோணும்” என்றார். ஐயரைக் கூப்பிடலாமே என்றேன். “ஐயரை வீடு வீடாப் போகவேண்டாமெண்டு கடிதம் குடுத்தது உவர்தானே” என்று மரியரட்ணத்தைக் காட்டினார். மரியரட்ணம் ஓம் என்று ஒத்துக்கொண்டார், நேர்மையான பிள்ளை. உள்ளேயிருந்து பிரவீணன், “அப்பு, பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்கள்” என்று குரல் கொடுத்தான். “மூடினா மூடட்டும், ஊர் என்ன கதைக்கும்” என்றார் அவர். தர்மிகா புதுப் புத்தகப் பையை முதுகில் கொளுவிக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பையை மூன்று நாளாக நித்திரைக்கு மட்டும்தான் கழற்றுகிறாளாம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன், அடுத்த நாள் தனியாகப் போனேன். சட்டத்தை வைத்துக் கதைத்தால் அவர் சாத்திரத்தை எடுப்பார், ஆகவே நானும் சாத்திரத்தை எடுத்தேன். “கந்தப்பு அண்ணை, துடக்கெண்டா உறவுக்குத்தானே” என்றேன். “ஓம், பின்னை?” என்றார். “அப்ப மயிலிட்டியிலை வருத்தம் வந்த மனிசன் உங்களுக்கு என்ன முறை?” என்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்தார். “முறையோ? உவன் ஆர் எவனெண்டே எங்களுக்குத் தெரியாது.” “முப்பத்தொண்டு காக்கிறதெண்டா நெருங்கின சொந்தமாயிருக்கோணும். ஊர் அப்பிடித்தான் கதைக்குது, கந்தப்பருக்குக் கடற்கரையிலை ஆரோ கிட்டின சொந்தம் இருக்குப்போலை எண்டு” என்றேன். ஊர் அப்படிக் கதைக்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கதைத்திருக்கும், எங்கள் ஊரை எனக்குத் தெரியும். அவர் காலடியில் கிடந்த நாயை எழுப்பித் துரத்தினார். பிறகு, “சொந்தமில்லாத ஆக்களின்ரை செத்தவீட்டுக்குப் போனா முழுகினாக் காணும், வேறை ஒண்டும் தேவையில்லை” என்றார். நானும் முதல்முறை கேட்பதுபோல், “அப்பிடியோ அண்ணை” என்றேன். அந்த மனிதர் சாகவில்லை, சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார் என்பதை இருவரும் சொல்லவில்லை. ஒரு மயிலிட்டி மனிதனை உறவென்று ஒத்துக்கொள்வதைவிடக் குடும்பத்தோடு தலையில் தண்ணீர் வார்ப்பது இலகு என்று கந்தப்பு அண்ணை முடிவெடுத்தார். எனக்கு அது சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை, ஆனால் பிள்ளை வருவாள் என்பது தெரிந்தது. ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டு கடைச் சந்தியில் நின்று, “எங்களுக்கு முழுக்கோடை சரி, அங்காலை ஒரு உறவு தொடசலும் இல்லை” என்று நாலு பேர் கேட்கச் சொன்னாராம். தாய்மார் இருவரும் தங்கள் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தார்கள்.

பாடசாலை திறந்த அன்றைக்கு வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, கை கழுவக் காலால் மிதிக்கும் குழாய் ஒன்றும் வைத்தோம். மேலிடத்திலிருந்து வந்த குழாய், தண்ணீர் வரவில்லை, ஆகவே ஓர் ஆசிரியை மிதிக்க இன்னொருவர் வாளியால் ஊற்றினார். உடல் வெப்பம் பார்க்கும் துவக்கு, துப்பாக்கி மாதிரியான அந்தக் கருவி, அப்பாவின் கையில், நான் கேட்கவில்லை, தானே பதவி ஏற்றுக்கொண்டார், அது காட்டிய வெப்பத்தின்படி நான் இறந்து சில மணித்தியாலம் இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலாம் வகுப்புக்கு மாலை போட்டு அழைத்து வருவது வழக்கம். போன வருடம் முதலாம் வகுப்பு இல்லாததால் இந்த வருடம் இரண்டாம் வகுப்பு இல்லை, இந்தக் கணக்கு எங்களுக்கு அன்றைக்குக் காலையில்தான் விளங்கியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்தோம், ஆனால் ஒரு மீற்றர் தள்ளி நின்று மாலை போட எட்டாது. அப்பா மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியைக் கொண்டுவந்து படலைத் தூணுக்கு மாலை போட்டுக் காட்டினார், நன்றாகத்தான் விழுந்தது, நான் சம்மதிக்கவில்லை. மாலையைக் கதிரையில் வைப்போம், பிள்ளை தானே போட்டுக்கொள்ளட்டும் என்று தீர்ந்தது.

அதிகாரி வந்துவிட்டார், பிள்ளை வரவில்லை. அவர் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுச் சுகாதார நடைமுறை பற்றிப் பேசினார், மணிக்கூட்டைப் பார்த்தார், “அப்ப அதிபர்…” என்று எழும்பினார். அந்த நேரம் கந்தப்பு அண்ணை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், மார்கழிப் பனியில் கிணற்றுத் தண்ணீர் ஒரு பதினைந்து வாளி ஊற்றியிருப்பார்கள், பிள்ளையின் தலையால் தண்ணீர் வடிகிறது, பல்லுக் கிடுகிடுக்கிறது, பை மட்டும் நனையவில்லை. அப்பா துவக்கை நீட்டினார். எண் வரவில்லை, வெப்பம் போதாதென்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. திரும்ப நீட்டினார், அதே எழுத்து. “காய்ச்சல் இல்லை, ஆனா மெசின் கணக்கிலை ஆளே இல்லை” என்று உரத்து அறிவித்தார், பதவியில் இருக்கும் மனிதர் பொய் சொல்லக்கூடாதுதானே. வெப்பம் பதியாமல் உள்ளே எடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை, அதிகாரி பக்கத்தில். ஆகவே முதலாம் வகுப்பை முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் நிறுத்தினோம். அதிகாரி, நான், ஆசிரியைகள், கந்தப்பு அண்ணை எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை அசையாமல் வெயிலில் நின்று மெல்ல மெல்ல மாணவியானாள். அப்பா எண்ணை வாசித்தபோது கந்தப்பு அண்ணை கை தட்டினார், பிறகு தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கிறார்களா என்று பார்த்தார்.

அதிகாரி வகுப்பறையைப் பார்த்து வாய் திறந்து நின்றார். ஒரு பிள்ளை, ஒரு மேசை, நாலு பக்கமும் காற்று. “இந்த இடைவெளிதான் நாங்கள் எல்லாப் பாடசாலையிலும் கேட்டது, ஒருத்தராலும் ஏலாமப் போச்சு” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். முன்மாதிரிப் பாடசாலை என்று போடப்போகிறாராம். பிள்ளைகள் போதாதென்று மூட வந்தவர், பிள்ளைகள் போதாததற்காகப் பாராட்டிவிட்டுப் போனார். இந்த வருடம் கதிரை மேசை தப்பியது, அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்ப்போம், இந்த வசனத்தை நானும் பழகிவிட்டேன்.

அவர் போன பிறகு தர்மிகா கையை உயர்த்தினாள், எப்படிக் கேள்வி கேட்பதென்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “ரீச்சர், மற்றப் பிள்ளையள் எப்ப வருவினம்?” என்றாள். வருவார்கள் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மீற்றர் அளந்து ஒரு கதிரையைத் தானே இழுத்து வைக்கிறாள், பாடசாலை விடும்போது திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போகிறாள்.

மருமகனுக்கு எங்கள் ஆசி. குளிருக்குக் காதை மூடிக்கொள், கைகளைக் கழுவு, வெளியே போய் வந்தால் முழுகு, உனக்கு அங்கே வீட்டுக்கு வெளியே உறவென்று சொல்லத்தக்கவர்கள் இல்லாததால் முழுக்கு ஒன்றே காணும். பேத்தியைக் கண்ணூறு படாமல் பார்த்துக்கொள், பிள்ளையார் துணையிருப்பார். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன், ஆரணிக்கு இந்தத் தையோடு ஐந்து வயது முடிகிறது. விமானம் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன். அப்பா படலையில் துவக்கோடுதான் நிற்கிறார்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா,
சி. பராசக்தி (பதில் அதிபர்)