தர்ப்பைக்கு வைத்த கொள்ளி

சிவமயம்

மலிந்தி, கென்யா
3.3.1975

என் அன்பான சிவயோகத்துக்கு,

கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதேயும். பேய் கடிதம் எழுதாது. இது உம்முடைய தில்லைநாதன்தான். நான் சாகவில்லை. போன வருஷம் தை மாதம் எங்கள் கப்பல் கடலில் மூழ்கியபோது ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். மீன்பிடிகாரர் தூக்கிவந்து இந்த ஊர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கடும் காய்ச்சல். கடிதம் எழுத முடியாமல் போய்விட்டது.

இப்போது கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில் இருக்கிறேன். முதலாளி குஜராத்திக்காரர். குசினியில் கறி சமைத்துக் கொடுக்கிறேன். அதற்கு ஓர் அறையும் சாப்பாடும் தந்திருக்கிறார். யன்னலைத் திறந்தால் கடல். எங்கள் சாட்டிக் கடற்கரையைப் போல வெள்ளை மணல்தான். ஆனால் மணல் முழுக்க வெள்ளைக்காரர், வெயிலில் காயப்போட்ட கருவாடு மாதிரிக் கிடக்கிறார்கள். பார்த்தால் நீர் சிரிப்பீர்.

ஊருக்கு வரக் கப்பலில் இடம் தேடுகிறேன். ஆனி முடியமுன் வந்துவிடுவேன். அண்ணையிடம் பக்குவமாகச் சொல்லும். பிள்ளை யோகாம்பாளுக்கு ஏழு வயது ஆகியிருக்கும். அவளுக்கு என் முத்தம்.

உம்மைக் காணும் ஆவலோடு,
தில்லைநாதன்


நாரந்தனை
27.3.1975

அன்பும் மரியாதையுமுள்ள அத்தானுக்கு,

தபாற்காரர் படலையில் நின்றபடியே கடிதத்தை நீட்டினார். நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன். யோகாம்பாள்தான் தண்ணீர் தெளித்தாள். உங்களைக் காப்பாற்றிய நாகபூசணி அம்மனுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். கப்பலில் இருந்த எல்லாரும் இறந்துவிட்டதாகக் கம்பெனித் தந்தி வந்தது. உடல் இல்லாதபடியால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, உங்கள் வேட்டியைச் சுற்றி, வாய்க்கரிசி போட்டோம். தாலியைக் கழற்றி நானே அதன்மேல் வைத்தேன். உங்கள் அண்ணை குகநாதன் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. "அம்மா, அப்பாவைப் புல்லாலேயோ செய்தது?" என்று பிள்ளை கேட்டாள். ஆவணியில் என் தங்கச்சி கமலாதேவிக்குக் கலியாணம் நடந்தது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கெட்டிமேளத்தைக் கேட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அண்ணை நயினாதீவுக்குப் போய்த் தம்பிஐயாக் குருக்களைக் கேட்டார். கருமம் முடிந்தவர் திரும்பி வந்தால் மறுபடியும் பிறக்க வேண்டுமாம். சாத்திரத்தில் இருக்கிறதாம். நெய் விட்ட பெரிய பானைக்குள் உங்களை இருத்தி எடுத்து, குழந்தையைப் போலக் குளிப்பாட்டி, பேர் வைத்து, அதன்பிறகு எனக்குத் திரும்பவும் தாலி கட்ட வேண்டும். கூறைச்சேலை எடுக்கப் போவம் என்று அண்ணி பகிடி பண்ணுகிறா. வெகு நாளைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதேயுங்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் இருந்தீர்கள்? பதினாலு மாதத்தில் நாலு வரி எழுதிப்போட ஒருவரும் அகப்படவில்லையா?

என்றும் உங்கள்,
சிவயோகம்


மலிந்தி
20.4.1975

என் அன்பான சிவயோகத்துக்கு,

என்னை இருத்துகிற அளவுக்கு எங்கள் தீவு முழுக்கத் தேடினாலும் பானை கிடைக்காது. இங்கே தின்று தின்று கொழுத்துவிட்டேன்.

நீர் கேட்டதற்குப் பொய் எழுத மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது இருபத்திரண்டு நாள். போன வருஷம் மாசியிலேயே எழும்பி நடந்தேன். ஹோட்டலுக்கு வந்த மூன்றாம் நாள், யாரோ விட்டுப்போன பழைய பேப்பரில் எங்கள் கப்பல் செய்தியைக் கண்டேன். செத்த பத்தொன்பது பேரில் என் பேரும் இருந்தது. அன்றே உமக்கு எழுதக் கடதாசி எடுத்தேன். எழுதவில்லை.

வேறு பெண் இல்லை. அம்மன்மேல் ஆணை. பதினாறு வயதில் கப்பல் ஏறியவன் நான். ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பிறகு அடுத்த கப்பல். செத்தவனை ஒருவரும் தேடமாட்டார்கள். அந்த நிம்மதி எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் கடலைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்பேன். நாளைக்கு எழுதுவோம் என்பேன். அப்படியே வருஷம் ஓடிவிட்டது. நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். பிறகு, அழுது முடித்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இந்த மாசியில் ஹோட்டலை விற்றுவிட்டார்கள். புது முதலாளி எங்களை வைகாசியோடு போகச் சொல்லிவிட்டார். போக இடமில்லாதபோதுதான் வீட்டை நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஜூன் ஐந்தாந் திகதி கப்பல். என்னை மன்னித்துவிடும்.

உமது,
தில்லைநாதன்


நாரந்தனை
11.5.1975

திரு. தில்லைநாதன் அவர்களுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஒருவருக்கும் காட்டவில்லை. ஊரில் நீங்கள் தலைகுனிவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

வேறு பெண் இருந்திருந்தால் திட்டியிருப்பேன். நாளாக ஆறியும் இருப்பேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நிம்மதியாகக் குடிப்பதற்காக நீங்கள் என்னைத் தாலியறுக்க விட்டீர்கள். அழுது முடித்திருப்பேன் என்று நினைத்தீர்கள். முடித்துவிட்டேன், உண்மைதான். அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறேன். பிள்ளையும் அப்பா எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

முந்தநாள் தம்பிஐயாக் குருக்கள் நாள் குறிக்க வீட்டுக்கு வந்தார். அண்ணையும் அண்ணியும் என்னைப் பெற்ற அப்புவும் இருந்தார்கள். எல்லாவற்றையும் விளங்கப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, திரும்பத் தாலி கட்டுறதுக்கு உமக்குச் சம்மதமோ? உம்மடை வாயாலை சொல்லவேணும்."

முதற் கலியாணத்தில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது. அப்பு தலையாட்டினார், அது போதுமாக இருந்தது.

"ஏலாது ஐயா" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை" என்று அப்பு சத்தம் போட்டார். அண்ணி அழுதா. குருக்கள், "அப்ப மற்றதுகளை மட்டும் செய்வம்" என்று பஞ்சாங்கத்தை மூடினார்.

நீங்கள் வாருங்கள். அண்ணை தன் வீட்டில் உங்களுக்கு அறை ஒதுக்கியிருக்கிறார். நீங்கள் பிறப்பதற்கும் உங்களுக்குப் பேர் வைப்பதற்கும் நான் தேவையில்லை. ஆனாலும் யோகாம்பாள் தகப்பனைப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். வெள்ளைச் சேலையோடு முற்றத்தில் நிற்பேன்.

சிவயோகம்