பக்கத்துக்கு ஓர் இரண்டு

காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை

சௌபாக்கியவதி ரமாமணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஸ்ரீவைகுண்டத்தில் மழை உண்டா? போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

சிட்டிபாபுவின் பட்டுக்கடையில் நூறு வருடத்துப் பழைய கணக்குப் புத்தகத்தைப் படித்துப் பெயர்த்தெழுதுகிறேன் அல்லவா, அதில் எல்லாமே தமிழ் எண்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘௨’, அதாவது இரண்டு, இருந்தது. ஆகவே இது இரண்டாம் புத்தகம், முதல் புத்தகத்தைக் காணோம் என்று குறிப்பெழுதிக் கொடுத்தேன். தன் அண்ணன்தான் எடுத்துப் போயிருப்பார் என்று சிட்டிபாபு அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

நேற்று சிட்டிபாபுவின் மருமகள் சுகாசினி என் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “இன்னா சார், புள்ளையார் சுழியப் போய் ரெண்டுன்னு எழுதிக்கினு இருக்கீங்க?”

நம் வீட்டில் ஸ்ரீ போட்டே பழக்கம். எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசியது. வேலை போனாலும் போகட்டும் என்று சிட்டிபாபுவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். “தப்பு என்மேலதாண்ணா. வீட்டுக்கு வா” என்றார். என்னைப் போகச் சொல்லவில்லை.

என் பூதக்கண்ணாடியை அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் சேர்த்து அனுப்பு. காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் காபி கலந்துவிடுகிறேன். அந்தப் பிழையையும் திருத்த வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

ஆராவமுதன்