விளிம்பு நசுங்கிய ஸ்லைடு

மார்ச் 6, செவ்வாய்

மாமாவின் மெக்கானிக் கடையில், குளிர்காலம் முழுக்க மாட்டுக்கொட்டகையில் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் காய்ந்து பச்சைப் பிசினாகப் படிந்திருந்தது. பழைய சளி மாதிரி. மூன்று தடவை சோப்புப் போட்டும் கை நாறுகிறது. சாப்பிட்ட ரொட்டியிலும் அதே வாடை.

ஜெர்வாசி மாமா, பெட்ரோல் புகும் ஜெட்டின் துளையை மெல்லிய கம்பியால் குத்துகிறார். பிறகு அதே கம்பியால் பல்லையும் குத்துகிறார். ஜெட்டை வாயில் வைத்து ஊதி, ஊதின வாயால் தரையில் துப்புகிறார். நான் அந்தத் தரையில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

மார்ச் 9, வெள்ளி

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். கிளிமென்ட்டின் வண்டி. மாமா மகன். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடைத் துடைக்கும்போது கை வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டது. கைக்குள் அடங்கும் உருளை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும், விட்டால் இறங்கும். அதற்கு வேறு வேலையே இல்லை. கீழ் விளிம்பில் கடுகளவு நசுங்கல். அரம் போட்டுத் தேய்த்தேன். பார்த்தால் தெரியாது. நகத்தால் தடவினால் தெரியும்.

சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

மன்ரேசாவிலிருந்து அம்மா போன். அவள் மில்லைப் பற்றிப் பேசினாள், நான் ‘ம்’ போட்டேன். “வாய் திறந்து பேச வரலன்னு பள்ளிக்கூடத்தையும் விட்ட. அங்கயும் இப்படியேதானா?” என்றாள். அதற்கும் ‘ம்’.

ஏப்ரல் 2, திங்கள்

எஞ்சின் சூடானால் ஆக்சிலேட்டர் கால்வாசித் திறப்பில் சிக்கிக்கொள்கிறதாம். கிளிமென்ட் கத்தினான். மாமா கேபிளை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார். நான் தலை குனிந்து போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துடைத்த போல்ட்டையே மறுபடி துடைத்தேன். த்தூ. நானும் ஒரு மனுஷி.

மே 14, திங்கள்

ஃபினா அக்கா வந்திருந்தார். மேல்பண்ணையில் முப்பது மாடுகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். ட்ரயல், அதாவது பாறைமேல் காலை ஊன்றாமல் மோட்டார் சைக்கிள் ஏற்றும் பந்தயம், ஓட்டுகிற ஒரே பெண் இந்தப் பள்ளத்தாக்கில் அவர்தான். பார்சிலோனாவிலிருந்து புது கார்புரேட்டர் வரவழைத்திருக்கிறார். பொருத்தித் தரச் சொன்னார். அவருக்கும் கிளிமென்ட்டுக்கும் ஒரே ரக வண்டி.

“ஜெர்வாசி அண்ணே, ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்குள்ள வேணும்.”

“பால் கறக்கற கைக்கு எதுக்குப் புது கார்புரேட்டர்?” என்று மாமா சிரித்தார்.

“மாடு நான் சொன்னாக் கேக்குது. வண்டியும் கேக்கணும்ல?”

போகும்போது என்னைப் பார்த்து “நீதான் பாத்துப் போடணும் ரெமேய்” என்றார். என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?

மே 17, வியாழன்

ஃபினா அக்கா வண்டியை எடுத்துப் போனபோது நான் தபால் நிலையத்தில் இருந்தேன். திரும்பி வந்து கிளிமென்ட்டின் கார்புரேட்டரைத் திறந்தேன். ஸ்லைடு பளபளவென்று புதுசு. விளிம்பை நகத்தால் தடவினேன். வழவழவென்று இருந்தது.

அப்படியானால் என் நசுங்கல் எங்கே?

“மாமா, இது...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

மாமா பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: “அவளுக்கென்ன, சும்மா உருட்டிட்டு வரப்போறா. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல நம்ம பையன் முன்னாடி வரணும். அந்தப் பழசு அவளுக்குப் போதும்.” துப்பினார். “நீ ஊமையா இருக்கறது எவ்வளவு நல்லதுன்னு இப்பத் தெரியுது.”

பின்பக்கம் போய் நின்றேன். அவர் திருடினது ஒரு பக்கம். அவருக்கு அது வெறும் பழசு, நசுங்கல் தெரியாது. எனக்குத் தெரியும். பாறை உச்சியில் ஆக்சிலேட்டர் சிக்கினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே நிக்கறேனே!

மே 18, வெள்ளி

பாரில் உள்ள போனிலிருந்து மேல்பண்ணைக்கு அடித்தேன். “யாரு? அட யாருன்னு சொல்லு!” என்றார். மூச்சுதான் வந்தது. அவர் என்னென்னவோ திட்டினார். வைத்துவிட்டேன்.

மே 20, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலையில் மாமா கருவிப்பையை என் தோளில் மாட்டினார். ஓட்டுகிறவன் கூடவே பாறைமேல் ஓடி, எங்கே திருப்ப வேண்டும் என்று கத்துவதும் பை சுமக்கிறவனின் வேலை. “கத்தறத நான் பாத்துக்கறேன். நீ சுமந்தாப் போதும்” என்றார்.

முதல் இரண்டு கட்டத்திலும் ஃபினா அக்கா ஒருதடவைகூடக் காலை ஊன்றவில்லை. கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். அவருக்கு ஒன்றுகூட இல்லை. கிளிமென்ட் நாலு வாங்கியிருந்தான். மாமாவின் முகம் அவிந்துபோனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை.

மூன்றாவது கட்டம் ஓடையோரம். அவர் பாறை மேல் ஏறி ஆக்சிலேட்டரை விட்டார். வண்டி விடவில்லை. அலறிக்கொண்டு பாய்ந்தது. அவரைத் தூக்கிக் கல்மேல் எறிந்துவிட்டு அதுவும் விழுந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து தொங்கியது. கூட்டத்தில் எவனோ, “வீட்டுக்குப் போய் மாட்டை மேய்ம்மா!” என்றான். மாமா சிரித்தார். வாயில் அந்தக் கம்பி.

அக்கா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நாலாவது கட்டத்துக்கு வந்தார். அது செங்குத்துப் பாறை, கீழே பள்ளம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் வண்டியை வரிசையாக நிறுத்திவிட்டு, நடந்துபோய்ப் பாதையைப் பார்த்து வருவார்கள். மாமாவும் கிளிமென்ட்டும் மேலே போனார்கள். பத்து நிமிஷம். வண்டிகளோடு நான்.

கிளிமென்ட்டின் கார்புரேட்டர் மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங்கை அமுக்கி, கேபிளைக் கழற்றி, புது ஸ்லைடை வெளியே எடுத்தேன். பிறகு அக்காவின் வண்டி. அதிலிருந்து வந்ததை நகத்தால் தடவினேன். இருந்தது. கடுகளவு. புதுசை உள்ளே இறக்கினேன். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். ‘டக்’ என்று இறங்கியது. அப்படி ஒரு சுத்தமான சத்தம்.

“என்ன பண்ற என் வண்டில?”

அக்கா. பின்னால் நின்றிருந்தார்.

கையில் இருந்ததைக் காட்டினேன். “இது கிளிமென்ட்டோடது. நான் கீழ போட்டேன். மார்ச்ல. யார்கிட்டயும் சொல்லல. மாமா உங்க புதுச எடுத்துக்கிட்டு இத உங்களுக்குப் போட்டுட்டார். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்.”

என் வாழ்க்கையில் நான் மூச்சு விடாமல் பேசின முதல் பேச்சு.

அவர் அதன் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை போன் பண்ணி மூச்சு விட்டது நீயா?”

தலையாட்டினேன்.

“எவனோ பொறுக்கின்னு நெனச்சுல்ல திட்டினேன்!” சிரிக்கவில்லை. கையைப் பார்த்தார், துணி முழுக்க ரத்தம். “அப்பவே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி.”

அவர் வண்டியின் கார்புரேட்டர் மூடியை இறுக்கினேன்.

நசுங்கின ஸ்லைடைக் கிளிமென்ட்டின் வண்டியில் திருப்பிப் போடலாம். போட்டிருந்தால் அவன் அந்தப் பாறையில் ஏறியிருப்பான். அவன் எனக்கு ஊமை என்று பெயர் வைத்தவன். இருந்தாலும் போடவில்லை. ஓடையில் எறிந்தேன்.

மாமா இறங்கி வந்து திறந்துகிடந்த கார்புரேட்டரைப் பார்த்தார். “எவன் கை வெச்சது?” மலையே கேட்கக் கத்தினார்.

“நான்தான்” என்றேன். “பழசு ஓடைல கெடக்கு. புதுசு, யாரோடதோ அவங்க வண்டில இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காலடியில் துப்பினார். “என் வீட்டுப் படி ஏறாத” என்றார்.

மே 21, திங்கள்

அத்தை என் துணிகளை ஒரு பையில் கட்டிக் கடை வாசலில் வைத்திருந்தாள்.

மே 24, வியாழன்

அக்காவின் மேல்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள். சாணி, புளித்த பால், ஈரத் தீவனம். மூன்றும் சேர்ந்த நாற்றம் கண்ணைக் கரிக்கிறது. அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கையோடுதான் அன்று நாலாவது பாறையையும் ஏறி முடித்தார்; அது ஆறும்வரை பால் கறப்பது நான். கறந்த கையோடு வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை, ஐடிலிங்கை, சரிசெய்தேன். தூரத்தில் நின்று கேட்டுவிட்டு, “ம்” என்றார்.

ஜூன் 17, ஞாயிறு

அடுத்த பந்தயம். அக்காவின் கருவிப்பை இன்று என் தோளில். பன்னிரண்டு கட்டம். நாற்பது பேரில் அக்காவுக்குப் பதினேழாவது இடம்.

சாயங்காலம் அம்மா பண்ணைக்குப் போன் செய்தாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

“இன்னும் அதே கூச்சமாடி?” என்றாள் அம்மா.

அக்கா போனை வாங்கினார். “தொண்டை கட்டிப்போச்சும்மா அவளுக்கு. பகல் பூரா பாறைமேல நின்னு என்னை அதட்டினா.”

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது:

“யாரு? எங்க ரெமேயா?”